ஓம் என்று வராத கேள்வி

கமலேஸ்வரிக்கு அந்த ஆசுபத்திரியில் ஒரு பட்டப்பெயர் இருந்தது: வாட்டில்லா மிஸி. மற்ற மூத்த தாதி மிஸிமாருக்கு ஆளுக்கொரு நோயாளர் வாட்டு, வாட்டுக்கொரு கதவு, கதவுக்கொரு திறப்புச் சாவி. அவளிடம் இருந்தது ஒரு கரும்பலகையும் கொஞ்சம் கதிரைகளும், முன்பு கடற்படைக்காரர் சமைக்கும் குசினியாக வைத்திருந்த ஒரு நீள அறையும்தான். படிப்பிக்கிற மிஸி என்பது அவளுடைய பதவி. "பதவி பெரிசுதான் தங்கச்சி, ஆனா உமக்குக் கீழ படுக்க ஒரு வருத்தக்காரனும் இல்லையே" என்று உதவி வைத்தியரான அப்போதிக்கரி இராசையா பகிடி பண்ணுவார். அவள் சிரிப்பாள். அந்தப் பகிடியில் பாதி உண்மை என்பதும் அவளுக்குத் தெரியும்.

அவள் தம்பலகாமத்து வயற்காரர் வீட்டுப் பிள்ளை. நாடு சுதந்திரம் பெற்றபோது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். கொழும்புக்குப் போய் நேர்ஸ் பயிற்சி முடித்துத் திரும்பியபோது, அவளுடைய தகப்பனார் ஊராருக்கு அதைச் சொன்ன விதம், "மகள் இனி ராவில யானைக் காவலுக்கு வரமாட்டா" என்பதாக இருந்தது. சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளில் வேலைபார்த்த கனகசுந்தரத்தைக் கலியாணம் முடித்து நகரத்துக்கு வந்தாள். வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போன பிறகு, அவர்கள் கைவிட்ட கட்டடங்களில் ஒன்றை ஒரு தரும சங்கம் எடுத்துச் சிறுவர் ஆசுபத்திரி ஆக்கியது. அங்கே முதலில் சேர்ந்தவர்களில் அவள் ஒருத்தி. அவளைப் பற்றி எழுதுவதற்கு அதற்குமேல் பெரிய சம்பவங்கள் இல்லை, ஒன்றைத் தவிர.

அந்த ஆசுபத்திரியில் மூன்று பிரிவுகள் இருந்தன. நெஞ்சு வருத்தப் பிரிவு டொக்டர் குணரத்தினத்துடையது; ஆசுபத்திரியின் தலைவரும் அவர்தான். மலேரியாக் காய்ச்சல் பிரிவு இராசையாவின் கையில். பச்சைக் குழந்தைகளின் அறை கிண்ணியாவைச் சேர்ந்த ஜெமீலா மிஸியுடையது. பொது நேர்ஸ் பயிற்சியை முடித்தவர்கள் குழந்தை வைத்தியம் படிக்க அங்கே ஒரு வருஷம் வந்து தங்குவார்கள். வந்த அன்றே ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு பிரிவுக்குப் போய்விடுவார்கள். நெஞ்சுப் பிரிவுக்குப் போன பயிற்சிப் பிள்ளை வருஷக் கடைசிவரை நெஞ்சுதான். மூன்று பிரிவுகளும் உண்மையிலேயே நல்ல பிரிவுகள். கொழும்பிலிருந்து வருகிறவர்களும் அதை ஒப்புக்கொண்டார்கள். பிழை பிரிவுகளுக்குள் இருக்கவில்லை. ஒரு பிரிவுக்கும் மற்றதுக்கும் நடுவே இருந்தது. அங்கே யாருடைய கண்ணும் போகாது.

எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு மாரிக்கு முன்னால், ஈச்சிலம்பற்றிலிருந்து ஒரு தாய் தன் மகனைத் தூக்கி வந்தாள். நடக்கத் தொடங்கிய வயது. காய்ச்சல், இருமல், வயிற்றோட்டம். காய்ச்சலுக்கு இராசையாவின் பிரிவு வந்து பார்த்து விழுங்கக் குளிசை கொடுத்தது. இருமலுக்கு நெஞ்சுப் பிரிவு பார்த்துப் பாணி மருந்து கொடுத்தது. பச்சைக் குழந்தை இல்லை என்பதால் ஜெமீலாவின் பிரிவு எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. வயிற்றோட்டத்துக்கு அங்கே பிரிவே இருக்கவில்லை. ஓடுகிற வயிற்றுக்குத் தண்ணீர் வார்த்தால் இன்னும் ஓடும் என்பது அந்தப் பக்கத்துத் தாய்மாரின் நம்பிக்கை. அவளும் தண்ணீரை நிறுத்தியிருந்தாள். பிள்ளை உடம்பு வற்றி இறந்தது.

தாயை மூதூருக்குப் போகும் லோஞ்ச் படகு வரையில் கூட்டிப்போனவள் கமலேஸ்வரி. மற்ற மிஸிமாரால் வாட்டை விட்டு வர ஏலாது. வாட்டில்லா மிஸியால்தான் ஏலும். ஜெற்றியில் நின்று அந்தத் தாய் அழவில்லை. "எத்தினை பேர் வந்து பார்த்தவை மிஸி" என்று மட்டும் சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை, நன்றியாகச் சொன்னாள். அதைத்தான் கமலேஸ்வரியால் தாங்க முடியவில்லை.

அடுத்த நாள் டொக்டர் எல்லோரையும் கூப்பிட்டு விசாரித்தார்.

"பிள்ளை குடிக்குதோ எண்டு கேட்டீங்களோ?"

"கேட்டனாங்கள் ஐயா. தாய் ஓம் எண்டு சொன்னவ" என்றார்கள் இராசையாவின் ஆட்கள். நெஞ்சுப் பிரிவும் கேட்டிருந்தது. ஜெமீலாவின் பிள்ளைகள்கூடக் கேட்டிருந்தார்கள். எல்லோருக்கும் ஆமாம் என்கிற அந்த ஓம்தான் பதிலாகக் கிடைத்திருந்தது.

"அப்ப தாய் பொய் சொல்லியிருக்கிறா" என்று இராசையா முடித்துவைத்தார்.

கூட்டம் கலைந்தபின் கமலேஸ்வரி டொக்டரின் அறைக்குப் போனாள். புதிதாக வருகிற பிள்ளைகளை உடனே பிரிக்க வேண்டாம், முதல் ஆறு கிழமை, ஒன்றரை மாதம், எல்லோரையும் ஒன்றாகத் தன்னிடம் விடுங்கள், எந்தப் பிரிவுக்குப் போனாலும் தெரிந்திருக்க வேண்டியதைப் படிப்பித்து அனுப்புகிறேன் என்று கேட்டாள்.

"எந்தப் பிரிவுக்குப் போனாலும் தெரிஞ்சிருக்க வேண்டியது எண்டா என்ன, சிஸ்டர்?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் ஐயா கேக்கிறன்."

டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் யோசிக்கிறார் என்றால் அதுதான் அடையாளம். "சரி. ஆனா மூண்டு பிரிவும் ஒத்துக்கொள்ள வேணும். நான் கட்டளை போட்டு நடத்துற விஷயம் இல்லை இது."

இராசையாவிடம் அவள் தன் ஊர் வழக்கத்தைச் சொல்லிப் பார்த்தாள். தம்பலகாமத்தில் விதைப்புக்கு முன்னால் எல்லோரும் சேர்ந்து வாய்க்கால் துப்புரவாக்குவார்கள், அதன் பிறகுதான் அவரவர் வயல். "வயல் வேறை, வாட்டு வேறை தங்கச்சி" என்றார் அவர். "எங்கட வாய்க்காலுக்கு நான் ஆரிட்டயும் மண்வெட்டி கேக்கேல்லை." ஆனாலும் சம்மதித்தார். ஜெமீலா சம்மதிக்கவில்லை. "என்ர புள்ளையளை ஆறு கிழமை உங்களிட்ட விட்டா, இந்தப் பச்சைப் புள்ளையளை ஆர் தூக்குறது அக்கா? கரும்பலகையோ?" கமலேஸ்வரி கெஞ்சிக் கூத்தாடி, தினமும் அரைநாள் மட்டும் என்று வாங்கினாள்.

பாடத்திட்டத்தை வகுக்க அவள் எடுத்த வழி எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. மூவரிடமும் போனாள். தன் மனதில் இருந்த பாடங்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். இது வேணுமோ? ஓம். இது? ஓம், கட்டாயம். நெஞ்சுப் படம் பார்க்கும் முறை வேணுமோ? வேணும். மலேரியா நுளம்பின் வகைகள்? அதில்லாமல் என்னெண்டு? குறைமாதப் பிள்ளையின் பால் அளவு? ஓம் அக்கா, அதுதான் முதல். யாரும் எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவளுக்கு அது நல்ல சகுனமாகத் தோன்றியது.

அந்த முதல் தொகுதிப் பயிற்சி பரிதாபமாக முடிந்தது. ஆறு கிழமைக்குள் அடக்க ஏலாத சுமை. பயிற்சிப் பிள்ளைகள் குசினி அறையின் வெக்கையில் தூங்கி விழுந்தார்கள். நுளம்பின் கால்களைப் பற்றி எல்லாம் அறிந்தவர்களாகவும் ஒரு பிள்ளையைத் தொடப் பயந்தவர்களாகவும் வெளியே வந்தார்கள். இராசையா அவர்களில் ஒருவனைச் சோதித்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் கொஞ்சங் கொஞ்சம் தெரியுது. கலியாண வீட்டில மிஞ்சின கறியளை ஒரு சட்டியில ஊத்தின மாதிரி" என்றார். ஜெமீலா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

டொக்டர் சிரிக்கவில்லை. "இன்னும் ஒரு தரம் பாப்பம் சிஸ்டர். அதுக்குப் பிறகும் மூண்டு பிரிவும் ஒத்துக்கொள்ளாட்டி, அந்த அறையை நெஞ்சு வாட்டுக்கு எடுக்க வேண்டியிருக்கும். நீங்கள் வெளிநோயாளர் பக்கம் போகலாம்."

வெளிநோயாளர் பக்கம் போவது அவளுக்கு அவமானமில்லை. பிழை இருந்த இடத்திலேயே இருந்துவிடும் என்பதுதான் அவளைத் தின்றது. இன்னொரு மாரி வரும், இன்னொரு தாய் வருவாள், எத்தனையோ பேர் வந்து பார்ப்பார்கள்.

முதல் தொகுதி பிரிவுகளுக்குப் போகுமுன் ஒருநாள், அவள் அந்தப் பயிற்சிப் பிள்ளைகளை வாட்டுக்குக் கூட்டிப்போனாள். மூதூரைச் சேர்ந்த அசனா என்ற தாய் மகளை மடியில் வைத்திருந்தாள். பயிற்சிப் பிள்ளை ஒருத்தி கட்டிலுக்கு மேலாகக் குனிந்து கேட்டாள்.

"மருந்து குடுத்தீங்களோ?"

"ஓம் மிஸி."

"தண்ணி குடிக்கிறாவோ?"

"ஓம் மிஸி."

"நல்லாச் சாப்பிடுறாவோ?"

"ஓம் மிஸி."

மூன்று பதிலும் ஒரே தொனியில் வந்தன. கமலேஸ்வரிக்கு என்ன தோன்றியதோ, முகத்தை மாற்றாமல் தானும் ஒரு கேள்வி கேட்டாள்.

"நேற்று கடலுக்கு மேலால நடந்து மூதூருக்குப் போயிற்று வந்தனீங்களோ?"

"ஓம் மிஸி" என்ற அசனா, சொன்ன பிறகுதான் கேள்வியைக் கேட்டவள்போல நிமிர்ந்தாள். பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"ஏன் அசனா ஓம் எண்டு சொன்னீங்கள்?"

"மிஸிமார் கேக்கேக்க இல்லை எண்டு முகத்துக்கு நேர சொல்லுறதோ? அது மரியாதையில்லையே."

கமலேஸ்வரி அந்தக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஈச்சிலம்பற்றுத் தாய் பொய் சொல்லவில்லை. மூன்று பிரிவுக்கும் மூன்று முறை மரியாதை செய்திருந்தாள். பதிலில் ஒரு கெடுதலும் இருக்கவில்லை. பதிலைத் தன் வயிற்றிலேயே வைத்துக்கொண்டு வந்த கேள்வியில்தான் கெடுதல்.

அவள் அசனாவிடம் வேறு விதமாகக் கேட்டாள். "மகள் காலமையிலயிருந்து என்ன குடிச்சவ? எதில குடிச்சவ? எனக்குக் காட்டுங்கோ." அசனா கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு போத்தலை எடுத்துக் காட்டினாள். பால் கழுத்துவரை இருந்தது. மேலே ஆடை படிந்திருந்தது.

அன்று பின்னேரம் கடற்கரை வழியாக வீட்டுக்கு நடக்கும்போது மற்ற விஷயமும் அவளுக்கு விளங்கியது. அதை அவள் விரும்பவில்லை, ஆனால் விளங்கியதை விளங்கவில்லை என்று வைக்க அவளுக்குத் தெரியாது. தான் மூன்று பெரியவர்களிடம் போய்க் கேட்டதும் அதே கேள்விதான். இது வேணுமோ, அது வேணுமோ. தன் பாடம் வேண்டாம் என்று எந்தப் பிரிவுத் தலைவர் சொல்வார்? அசனா மரியாதைக்குச் சொன்ன ஓமை அவர்கள் பெருமைக்குச் சொன்னார்கள். மூன்று ஓமையும் கூட்டினால் பொதுவானது வராது. ஒரு சட்டிக் கறிதான் வரும். பலருக்கும் பொதுவாக இருப்பது அவரவர் தன்னுடையது என்று காட்டுவதில் இருக்க வேண்டியதில்லை. பிறரிடம் இல்லையே என்று அவரவர் குறைப்படுவதில் இருக்கலாம்.

வீட்டில் கனகசுந்தரத்திடம் சொன்னாள். "அப்ப இனி என்ன கேக்கப் போறீர்?" என்றார் அவர்.

"கோவம் வரக்கூடிய மாதிரி ஏதாவது."

அவள் மறுபடி மூவரிடமும் போனாள். இந்தத் தடவை ஒரே ஒரு கேள்விதான்: மற்றப் பிரிவுப் பிள்ளைகள் உங்கள் பக்கம் வரும்போது எதைக் கண்டால் உங்களுக்கு ஆத்திரம் வரும்?

இராசையா மூச்சு விடாமல் கொட்டினார். "ஜெமீலாவின்ர ஆக்கள் காய்ச்சல் எண்டவுடன குளிசையைக் குடுத்துப்போட்டுப் பிறகு ரத்தம் எடுத்து அனுப்புவினம். குளிசை போன ரத்தத்தில கிருமி தெரியாது. பிறகு நான் கண்ணாடியில என்னத்தைப் பாக்கிறது, என்ர முகத்தையோ? முதல் ரத்தம், பிறகு குளிசை. இதை ஒரு கிளிக்குச் சொன்னாலும் பழகியிருக்கும்."

ஜெமீலாவிடம் போனபோது அவள் ஒரு குழந்தையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அப்போதிக்கரி அண்ணைட பொடியன்கள் கையைக் கழுவாம உள்ளுக்க வருவாங்க. வந்தாலும் புள்ளைட கழுத்தைத் தாங்காம, தேங்காய் தூக்குற மாதிரித் தூக்குவாங்க. எழுதிக்கொள்ளுங்க அக்கா, கை, கழுத்து. இந்த ரெண்டையும் படிப்பிச்சா நானே உங்களுக்கு இனிப்பா வட்டிலப்பம் அவிச்சுத் தாறன்."

டொக்டர் குணரத்தினம்கூடக் குரலை உயர்த்தினார். "பிள்ளை அழேக்க மூச்சை எண்ணிக்கொண்டு வந்து எனக்குச் சொல்லுகினம், சிஸ்டர். அழுற பிள்ளைக்கு ஆருக்குத்தான் மூச்சு வாங்காது? தாயின்ர மடியில விட்டு, ஆறவிட்டு, பிறகல்லோ எண்ண வேணும்."

மூவரும் போகிற போக்கில் ஒன்றைச் சொன்னார்கள், ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாமல். தாயிடம் விசாரித்துவரச் சொன்னால் மற்றப் பிரிவுப் பிள்ளைகள் ஓம் என்ற ஒரு சொல்லோடு திரும்பி வருகிறார்கள் என்று. தங்கள் பிள்ளைகளும் அப்படித்தான் என்று மூவரும் சொல்லவில்லை. கமலேஸ்வரியும் சொல்லவில்லை.

புதிய பாடத்தில் நுளம்பின் கால்கள் இல்லை, நெஞ்சுப் படம் இல்லை. மற்றவர்களின் ஆத்திரத்திலிருந்து எடுத்தவை மட்டும் இருந்தன. ஆறு கிழமையும் மூன்றாகச் சுருங்கியது. முதற் பாடம், ஒரு பிள்ளையும் அதன் தாயும். ஒவ்வொரு பிரிவுக்கும் போகப்போகிறவர்கள் ஒன்றாகச் சுற்றி இருந்து, தொடாமல், பேசாமல் பார்க்க வேண்டும். பிறகு தாயிடம் கேட்க வேண்டும். ஓம் என்று பதில் வரக்கூடிய எந்தக் கேள்வியும் கேட்கக் கூடாது. கேட்டவர் எழும்பிப் போய் வாசலில் நின்று மற்றவர்களுக்கு இடம் விட வேண்டும். முதல் நாள் வாசல் நிறைந்துவிட்டது. தாய்மாருக்கு அது நல்ல விளையாட்டாக இருந்தது.

ஜெமீலா இந்தத் தடவையும் அரைநாளுக்கு மேல் விடவில்லை. "மூண்டு கிழமை குறைவுதான். ஆனா மூண்டு கிழமையும் எனக்குக் கை இல்லையே" என்றாள். டொக்டரின் முடிவு அவளுடைய சம்மதத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

மாரி வந்தது. லோஞ்ச் ஓடாத நாட்களுக்குப் பிறகு கடல் அடங்கிய ஒரு முற்பகலில், மூதூரிலிருந்து நோயாளிகள் ஒரேயடியாக வந்து இறங்கினார்கள். ஆசுபத்திரி வாசலில் வருகிறவர்களைப் பார்க்க நின்றவன் இராசையாவின் பிரிவுக்குப் போகவிருந்த பயிற்சிப் பிள்ளை ஹிஸ்புல்லா. முன்னால் வந்த தாயின் தோளில் ஒரு பெண்குழந்தை, பிறந்து சில கிழமைகள்தான் இருக்கும். காய்ச்சல். ஹிஸ்புல்லா மலேரியாக் குளிசைக்குக் கை நீட்டவில்லை. கையைக் கழுவினான். தாயைக் கதிரையில் இருத்தித் தானும் முன்னால் குந்தினான். குழந்தையைத் தாயின் மடியிலேயே விட்டுப் பார்த்தான்.

"உம்மா, கடைசியாப் புள்ள எப்ப மூத்திரம் போனது?"

தாய் யோசித்தாள். "நேத்துப் போனது. பிறகு துணி நனையல்ல."

"என்ன குடுத்தீங்க?"

"வயிறு ஓடினது மகன். அதால பாலை நிப்பாட்டினன்."

அவன் ரத்தம் எடுத்துக் கண்ணாடியில் பூசி இராசையாவுக்கு அனுப்பினான். அதற்குள்ளேயே இன்னொருத்தி உப்பும் சீனியும் கரைத்த நீரைக் கொண்டுவந்தாள். தாய் குழந்தைக்குக் கரண்டி நுனியால் வார்க்கத் தொடங்கினாள். ஜெமீலாவை யாரோ கூப்பிட்டிருந்தார்கள். அவள் ஓடி வந்து பார்த்தபோது ஹிஸ்புல்லா குழந்தையை அவளிடம் கொடுக்க எழுந்தான். அவனுடைய இடது கை கழுத்துக்குக் கீழே விரிந்திருந்தது. ஜெமீலா குழந்தையை வாங்குமுன் அந்தக் கையைத்தான் பார்த்தாள்.

"இவன் ஆருட ஆள்?" என்றாள்.

"அப்போதிக்கரி ஐயாட ஆள்" என்றான் ஹிஸ்புல்லா.

ஜெமீலா குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். இரண்டு நாளில் அது தாயின் பாலைச் சத்தம் கேட்கக் குடித்தது. ரத்தத்தில் மலேரியா இருக்கவில்லை. அந்தக் குளிசை முதலில் போயிருந்தால் அது தெரியவும் வந்திராது.

அடுத்த தொகுதி தொடங்கும் நாளன்று கமலேஸ்வரி குசினி அறையைத் திறந்தபோது, ஜெமீலாவின் பிள்ளைகள் எல்லோரும் முன் வரிசையில் இருந்தார்கள். அரைநாளுக்கு என்று யாரும் சொல்லவில்லை. ஜெமீலா கடைசிக் கதிரையில் இருந்தாள். மடியில் ஒரு மூடிய பாத்திரம்; வட்டிலப்பத்தின் வாசம் வந்தது.

"நீங்கள் என்ன ஜெமீலா இஞ்ச?"

"கழுத்தைத் தாங்குறதை நீங்க சரியாச் சொல்லிக்குடுக்கிறீங்களோ எண்டு பாக்க வந்தனான்."

அந்த ஆண்டுக் கடைசியில் தரும சங்கத்துப் பெரியவர்கள் ஆசுபத்திரியைப் பார்க்க வந்தார்கள். குழந்தைகளின் இறப்புக் குறைந்திருந்ததை டொக்டர் சொன்னார். அது முழுவதும் ஒரு பாடத்தால் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். நல்ல மருந்துகளும் அந்த வருஷங்களில் வந்தன. ஆனால் வந்தவர்களில் ஒருவர் பயிற்சிப் பிள்ளைகள் தாய்மாரோடு பேசுவதைக் கவனித்திருந்தார். "இப்படிக் கேக்கிற முறையை ஆர் தொடங்கினது?" என்று விசாரித்தார்.

"அது எங்கட மலேரியாப் பக்கத்தில தொடங்கினது" என்றார் இராசையா. "கண்டதுக்கெல்லாம் குளிசை குடுக்கிறதை நிப்பாட்டவெண்டு."

"என்ன அண்ணை கதைக்கிறீங்க?" என்றாள் ஜெமீலா. "பச்சைப் புள்ளைகள் வாயால சொல்லாது. தாயைச் சரியாக் கேக்கப் பழகினது முதல்ல நாங்கதான்."

டொக்டர் குணரத்தினம் கண்ணாடியைத் துடைத்தார். "உண்மையில நெஞ்சுப் பிரிவிலதான்…" என்று தொடங்கியவர், சுவரோரம் நின்ற கமலேஸ்வரியைக் கண்டதும் நிறுத்தி, சொல்லுங்களேன் என்பதுபோல அவளைப் பார்த்தார்.

மூன்று பிரிவும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று அவர் ஒருகாலம் கேட்டிருந்தார். இப்போது மூன்றும் அது தன்னுடையது என்று அடம்பிடித்துக்கொண்டு நின்றன. அதற்குமேல் ஒத்துக்கொள்வது எப்படி என்று கமலேஸ்வரிக்குத் தெரியவில்லை. அவளுடைய நெஞ்சு நிமிர்ந்தது. பதவி உயர்ந்த நாளிலும் அது அப்படி நிமிர்ந்ததில்லை.

"மூண்டு பேரும் சொல்லுறது சரிதான் ஐயா" என்றாள்.

வந்த பெரியவர் அவள் பக்கம் திரும்பினார். "அப்ப சிஸ்டர், உங்களுக்கும் இதில பங்கு இருக்குதோ?"

இராசையா முந்திக்கொண்டார். "ஐயா, இஞ்ச அப்பிடிக் கேக்கக் கூடாது. அதுக்கு ஓம் எண்டுதான் பதில் வரும். எழும்பிப் போய் வாசல்ல நில்லுங்கோ."

வந்தவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் டொக்டர் குணரத்தினம் வாய்விட்டுச் சிரித்ததை அந்த ஆசுபத்திரி அன்றுதான் முதன்முதலாகக் கேட்டது. கமலேஸ்வரி பெரியவரை மரியாதையாக வாசல்வரை கூட்டிப்போனாள். பிறகு குசினி அறைக்குத் திரும்பினாள். அங்கே புதிய பிள்ளைகள் ஒரு தாயைச் சுற்றி, பேசாமல், பார்த்துக்கொண்டிருந்தார்கள்.